வளரும் பிள்ளையின் முதுகுக்குப் பிரேஸ்: நம் வீடுகளில் அதை நடத்திச் செல்லும் முறை

முள்ளந்தண்டு வளைவுக்கெனச் செய்து தரப்படும் பிரேஸ், அது பிள்ளையின் உடலில் இருக்கும் மணித்தியாலங்களின் அளவுக்கே பயன் தரும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 வைத்தியசாலைகளில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வொன்று இதைத் தெளிவாகக் காட்டியது. அந்த ஆய்வில் பிரேஸ் அணிந்த பிள்ளைகளுள் நூற்றுக்கு 72 பேர், வளைவின் கோணம் சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டிய 50 பாகை எல்லையைத் தொடாமலே வளர்ந்து முடித்தார்கள். பிரேஸ் இன்றிக் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களுள் அவ்வாறு தப்பியவர்கள் நூற்றுக்கு 48 பேர். பிரேஸுக்குள் வைத்த சிறு வெப்ப உணரியைக் கொண்டு, பிள்ளைகள் அதை உண்மையில் எவ்வளவு நேரம் அணிந்தார்கள் என்பதையும் கணக்கிட்டார்கள். நாளொன்றுக்கு ஏறக்குறைய 13 மணித்தியாலத்துக்கு மேல் அணிந்தவர்களிடம் வெற்றி நூற்றுக்கு 90ஐத் தாண்டியது. 6 மணித்தியாலத்துக்கும் குறைவாக அணிந்தவர்கள், அணியாதவர்களைவிடப் பெரிதாக எதையும் பெறவில்லை.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இந்த மணித்தியாலங்களைச் சேர்ப்பது எளிதன்று. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு பெனியனோடு இருப்பதே கடினம். அந்த வெயிலில், மார்பிலிருந்து இடுப்புவரை உடலை இறுக்கிப் பிடிக்கும் கெட்டியான பிளாஸ்ரிக் கூட்டை அணிந்துகொண்டு ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை பாடசாலைக்கும் டியூஷனுக்கும் போய்வர வேண்டியிருக்கிறது. இந்த வழிகாட்டி, அந்தப் பிள்ளையின் பெற்றோருக்காக எழுதப்படுகிறது. பிரேஸைத் தேர்வது வைத்தியரின் வேலை, செய்து தருவது அதற்கெனப் பயின்றவரின் வேலை. மணித்தியாலங்களைச் சேர்ப்பது வீட்டின் வேலை. ஆகவே அந்த மூன்றாவதற்கே இங்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது

ஸ்கோலியோசிஸ் எனப்படும் பக்கவாட்டு வளைவு பெரும்பாலும் 10 வயதுக்கும் 16 வயதுக்கும் இடையில், நோவு எதுவும் இல்லாமல் வெளிப்படுகிறது. நோவு இல்லாததால்தான் அது வீட்டார் கண்ணில் படாமல் வளர்ந்துவிடுகிறது. அந்த வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குச் சிறு வளைவேனும் இருக்கும். அவர்களுள் பெரும்பாலானோருக்குச் சிகிச்சையே தேவைப்படுவதில்லை. வளைவு கூடிச் செல்வது ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளிடமே பல மடங்கு அதிகம். பாடசாலைப் பையின் பாரமோ, பிள்ளை படுக்கும் விதமோ, தண்ணீர்க் குடம் தூக்கியதோ இந்த வளைவை உண்டாக்குவதில்லை. பெரும்பாலான பிள்ளைகளிடம் காரணம் இன்னதென்று கண்டறியப்படுவதே இல்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்புச் சற்று அதிகம். ஆகவே "ஒழுங்காக நிமிர்ந்து இருந்திருந்தால் இப்படி வந்திருக்குமா" என்று பிள்ளையைக் கடிந்துகொள்வதில் நியாயமும் இல்லை, பயனும் இல்லை.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பிள்ளை வெறுங்காலுடன் பாதங்களைச் சேர்த்து நிற்கட்டும். முழங்காலை மடக்காமல், இரு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துத் தொங்கவிட்டபடி, முதுகு நிலத்துக்குச் சமாந்தரமாகும்வரை மெதுவாக முன்னே குனியட்டும். நீங்கள் பின்னால் சற்றுத் தள்ளியிருந்து, முதுகு உங்கள் கண்மட்டத்துக்கு வரும்படி அமர்ந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மற்றதைவிட மேடாக எழுந்து தெரிந்தால், அல்லது நிமிர்ந்து நிற்கும்போது ஒரு தோள் உயர்ந்தும், ஒரு தோட்பட்டை எலும்பு புடைத்தும், இடுப்பின் ஒரு பக்க மடிப்பு மட்டும் ஆழமாகவும் இருந்தால், வைத்தியரிடம் காட்ட வேண்டும். வயது வந்த பெண் பிள்ளைகள் பெற்றோர் முன்னாலும் முதுகைக் காட்டக் கூச்சப்படுவது நம் வீடுகளில் இயல்பு. தாயோ அக்காவோ, அறைக்குள், ஆண்டில் இருமுறை இதைப் பார்த்துவிடுவது போதும். பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வரும் சுகாதார வைத்திய அதிகாரியிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் உங்கள் சந்தேகத்தைச் சொல்லலாம்.

அடுத்தது எக்ஸ்றே. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அம்பாறை பொது வைத்தியசாலை, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை போன்ற இடங்களுக்கு உங்கள் ஊர் வைத்தியசாலையிலிருந்து கடிதம் பெற்றுச் செல்லலாம். எக்ஸ்றேயை நின்ற நிலையில், முழு முள்ளந்தண்டும் ஒரே படத்தில் தெரியும்படி எடுக்க வேண்டும். படுத்த நிலையில் எடுத்தால் வளைவு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். கதிர் முதுகுப் பக்கமிருந்து வரும்படி பிள்ளையை நிறுத்தினால் மார்பகம் ஏற்கும் கதிர்வீச்சுக் குறையும் என்பதால், பெண் பிள்ளைகளுக்கு அதைக் கேட்டுக்கொள்வது நல்லது. அந்தப் படத்தில் வைத்தியர் அளப்பது கொப் கோணம். அமெரிக்க என்பியல் வைத்தியர் ஜோன் கொப் 1948இல் விவரித்த அந்த முறையே இன்றுவரை உலகெங்கும் அளவுகோலாக இருக்கிறது. 10 பாகைக்குக் குறைந்த வளைவு ஸ்கோலியோசிஸ் எனக் கொள்ளப்படுவதில்லை. அதே படத்தில் இடுப்பெலும்பின் விளிம்பைப் பார்த்து, எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதை 0 முதல் 5 வரையான ரிஸர் எண்ணால் குறிப்பார்கள். இந்த இரண்டு எண்களையும் கிளினிக் கொப்பியில் எழுதித் தரும்படி கேளுங்கள். பிள்ளையின் எதிர்காலம் பற்றிய எல்லா முடிவுகளும் இவற்றிலிருந்தே எடுக்கப்படுகின்றன.

யாருக்குப் பிரேஸ், எந்தப் பிரேஸ்

பொதுவாக வளைவு 25 முதல் 40 பாகைவரை இருந்து, பிள்ளைக்கு வளர்ச்சி இன்னும் மிச்சமிருந்தால், அதாவது ரிஸர் எண் 0, 1, 2 ஆக இருந்தால், பிரேஸ் பரிந்துரைக்கப்படும். 25 பாகைக்குக் கீழே இருந்தால் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்து வருவார்கள். வளைவு கூடிச் செல்வது தெரிந்தால் அப்போது தொடங்குவார்கள். 45, 50 பாகையைத் தாண்டிய வளைவைப் பிரேஸால் பிடித்து நிறுத்துவது அரிது. வளர்ச்சி முடிந்த பெரியவர்களுக்குப் பிரேஸ் சில வேளை நோவைக் குறைக்க உதவலாம், வளைவைத் திருத்தாது. பெண் பிள்ளை மிக வேகமாக உயரும் காலம் பெரும்பாலும் பூப்படைவதற்கு முந்திய ஓர் ஆண்டுக்குள் வருகிறது. வளைவு மிக வேகமாகக் கூடுவதும் அப்போதே. சடங்கு முடியட்டும், பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடும் மாதங்கள் இந்த நோயில் மிக விலை உயர்ந்த மாதங்கள் என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

எதை எதிர்பார்க்கலாம் என்பதிலும் தெளிவு வேண்டும். பிரேஸின் முதல் நோக்கம், வளைவு மேலும் கூடாமல், வளர்ச்சி முடியும்வரை அதைப் பிடித்து வைப்பது. அணிந்திருக்கும்போது முதுகு நேராவது எக்ஸ்றேயில் தெரியும். கழற்றிய பின் அதில் ஒரு பகுதி திரும்ப வரும். 30 பாகையில் தொடங்கிய பிள்ளை 30 பாகையிலேயே வளர்ந்து முடித்தால் அது தோல்வி அன்று, முழு வெற்றி.

1946இல் உருவான மில்வாக்கி பிரேஸ், கழுத்தைச் சுற்றி உலோக வளையத்தோடு கூடியது. இன்று மிக உயரத்தில் உள்ள வளைவுகளுக்கே அரிதாகப் பயன்படுகிறது. 1970களின் தொடக்கத்தில் பொஸ்ரனில் உருவானதும், கைக்குக் கீழே சட்டைக்குள் மறைவதுமான வகையே இப்போது பரவலானது. பிரான்சின் வைத்தியர் ஷெனோ உருவாக்கிய வகை, வளைவின் புடைப்பை ஒரு பக்கம் அழுத்தி, எதிர்ப்பக்கத்தில் முதுகு நகர்ந்து செல்ல வெற்றிடம் விட்டு, மூச்சின் விரிவையும் திருத்தத்துக்குப் பயன்படுத்துகிறது. இரவில் மட்டும் அணியும் சார்ல்ஸ்டன், புரொவிடன்ஸ் போன்ற வகைகள் உடலை எதிர்ப்பக்கம் பலமாக வளைத்து வைப்பவை. அவற்றோடு நடமாட முடியாது. நம் வெயிலை நினைத்தால் இரவுப் பிரேஸ் மிகவும் கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் அது முதுகின் கீழ்ப்பகுதியில் உள்ள ஒற்றை வளைவு போன்ற சில வடிவங்களுக்கே நன்றாகப் பொருந்துகிறது. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை, வற்புறுத்துவது கூடாது.

கடைகளிலும் முகநூல் விளம்பரங்களிலும் விற்கப்படும் இழுபட்டிகள் வேறு வகைப் பொருள்கள். தோளைப் பின்னே இழுக்கும் அந்த மெல்லிய பெல்ட்டுகள், கூனி இருப்பவருக்கு நிமிரும்படி நினைவூட்டலாம்; சுழன்று வளைந்த முள்ளந்தண்டைத் திருத்தும் வலு அவற்றுக்கு இல்லை. அதிர்ந்து எச்சரிக்கும் சிறு கருவிகளும் அப்படியே. கைப்பணம் போவதைவிட, பெல்ட் போட்டிருக்கிறோம் என்ற நிம்மதியில் ஆறு மாதம் கழிந்துவிடுவதே என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. நம் ஊர்களின் பரிசாரியார்களிடம் பலருக்கு நம்பிக்கை உண்டு, அவர்கள் போடும் எண்ணெய் தசைக்கு இதம் தருவதும் உண்மை. அதை மறுக்கவில்லை. ஆனால் வளரும் பிள்ளையின் முதுகை அழுத்தி, நெட்டி முறித்து நேராக்க இடம் கொடுக்காதீர்கள். அப்படி நேராகும் வளைவு இது அல்ல.

அளவெடுக்கும் நாளும் பொருத்தும் நாளும்

பிரேஸைச் செய்பவரை ஓர்தோட்டிஸ்ட் என்பார்கள். இலங்கையில் இந்தத் துறைக்கான பயிற்சிப் பாடசாலை 2004 முதல் ராகமையில் இயங்குகிறது. நிபுணர் கிளினிக்கிலேயே, அளவெடுப்பு எங்கே, எந்தக் கிழமையில், யாரிடம் என்பதையும், செலவில் எதை வைத்தியசாலை ஏற்கிறது, எதை நீங்கள் ஏற்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கொழும்புக்குப் போகச் சொன்னால் இரவு பஸ்ஸிலோ ரயிலிலோ போய்வர வேண்டியிருக்கும். ஒரு பிரேஸுக்கு அளவெடுத்தல், பொருத்துதல், திருத்தம் எனப் பல பயணங்கள் தேவைப்படும் என்பதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டால் பாதியில் நின்றுவிடாது. பழைய எக்ஸ்றே எல்லாவற்றையும் கையோடு கொண்டு செல்லுங்கள். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால் அவற்றைக் காகிதம் இடையிட்டு வையுங்கள், தொலைபேசியிலும் படம் பிடித்து வைத்திருங்கள்.

அளவெடுக்கும் நாளில் பிள்ளையின் உடலில் ஈரப் பிளாஸ்டர் சுற்றி அச்செடுப்பார்கள், அல்லது ஸ்கேனர் கொண்டு வடிவத்தைப் பதிவார்கள். உடலோடு ஒட்டிய மெல்லிய பெனியனை அணிவித்து அழைத்துச் செல்லுங்கள். பெண் பிள்ளையுடன் தாயோ பெண் உறவினரோ உள்ளே இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. பொருத்தும் நாளில் அவசரப்படாதீர்கள். அணிந்தபடி பிள்ளையைக் கதிரையில் உட்காரச் செய்து பாருங்கள்: முன்விளிம்பு தொடையை வெட்டக் கூடாது, மேல்விளிம்பு அக்குளில் குத்தக் கூடாது, ஆழமாக மூச்செடுக்க முடிய வேண்டும். தரையில் சம்மணம் கொட்டி இருக்கும் வீடு என்றால் அதையும் அங்கேயே செய்து காட்டச் சொல்லுங்கள். பட்டிகளை எந்த அளவுக்கு இழுக்க வேண்டும் என்று ஓர்தோட்டிஸ்டைக் கொண்டே பேனையால் கோடு போடுவித்துக்கொள்ளுங்கள். வீட்டில் "இவ்வளவு போதும்" என்று தளர்த்துவதற்கும் "இன்னும் கொஞ்சம்" என்று இழுப்பதற்கும் அந்தக் கோடு முற்றுப்புள்ளி வைக்கும்.

சில வாரங்களுக்குள், பிரேஸை அணிந்த நிலையிலேயே ஓர் எக்ஸ்றே எடுக்க வேண்டும். வளைவு அணியும்போது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தால் அது நல்ல பிரேஸ். இறுகிப்போன வளைவுகளில் அவ்வளவு குறையாது. மிகச் சிறிதே குறைந்திருந்தால் பிரேஸின் உட்புறத்தில் வளைவை அழுத்தும் மெத்தைகளை மாற்றி வைக்க வேண்டும். இந்தப் படத்தைத் தவிர்த்துவிட்டால், பிள்ளை ஓராண்டு முழுவதும் துன்பப்பட்டு அணியும் கூடு வேலை செய்கிறதா என்பதே தெரியாமல் போகும்.

முதல் இரண்டு வாரங்கள்

பெரும்பாலும் நாளொன்றுக்கு 18 முதல் 23 மணித்தியாலம்வரை எழுதிக் கொடுப்பார்கள். அந்த எண்ணை முதல் நாளே எட்ட முயன்றால் தோல் புண்ணாகும், பிள்ளையும் வெறுத்துப்போகும். முதல் நாள் இரண்டு மணித்தியாலம் அணிவித்து, கழற்றித் தோலைப் பாருங்கள். சற்று ஆறவிட்டு மீண்டும் அணிவியுங்கள். ஒவ்வொரு நாளும் ஓரிரு மணித்தியாலம் கூட்டிக்கொண்டே போனால் இரண்டு வாரத்துக்குள் முழு நேரத்தை எட்டிவிடலாம். பகலில் பழகிய பிறகு இரவுத் தூக்கத்தைச் சேருங்கள். முதல் சில இரவுகள் பிள்ளை தூங்காது, அழும். அந்த இரவுகளில் ஒருவர் பக்கத்தில் இருப்பது அவசியம். முடிந்தால் பாடசாலை விடுமுறையில் தொடங்குங்கள். வைத்தியர் உடனே தொடங்கச் சொன்னால் விடுமுறைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அணியும் முறை இது. பிள்ளை குளித்து, உடல் முற்றாக உலர்ந்த பின், உடலோடு ஒட்டிய, இடுப்புக்குக் கீழேயும் நீண்ட பருத்திப் பெனியனை அணியட்டும். பக்கத் தையல் இல்லாத பெனியன் கிடைக்காவிட்டால், தையல் வெளிப்பக்கம் வரும்படி திருப்பி அணிவிக்கலாம். பிரேஸை விரித்து உடலைச் சுற்றிப் பொருத்தி, அதன் இடுப்புப் பள்ளம் விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடத்தில் சரியாக அமர்கிறதா என்று பாருங்கள். படுத்த நிலையில் முழங்காலை மடக்கிக்கொண்டால் இது எளிதாகும். இடுப்புப் பட்டியை முதலில் பாதியளவு இறுக்கி, மற்றவற்றையும் அப்படியே செய்து, பிறகு பிள்ளையை எழுப்பி நிறுத்தி எல்லாவற்றையும் கோடுவரை இழுங்கள். கடைசியாகப் பெனியனைக் கீழிருந்து இழுத்து மடிப்புகளை எடுத்துவிடுங்கள். ஒரு சிறு மடிப்பு மாலைக்குள் புண்ணாகிவிடும். உள்ளாடையை பிரேஸுக்கு மேலாக அணிந்தால் மலசலகூடம் போகும்போது பிரேஸைக் கழற்ற வேண்டியதில்லை. பாடசாலை நாளில் இது பெரிய உதவி.

வியர்வையும் தோலும்

பிரேஸ் கைவிடப்படுவதற்கு நம் பகுதியில் தோலே பெரும் காரணமாகிறது, ஆகவே இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அழுத்தும் மெத்தைகள் படும் இடங்களில் தோல் சிவப்பது இயல்பு. அது பிரேஸ் வேலை செய்வதன் அடையாளமும் கூட. கழற்றி அரை மணித்தியாலத்துக்குள் சிவப்பு மறைய வேண்டும். மறையாவிட்டால், அல்லது இடுப்பெலும்பு, விலா போன்ற எலும்பு மேட்டில் சிவந்திருந்தால், பிரேஸில் திருத்தம் தேவை. கொப்புளமோ தோல் உரிந்த புண்ணோ தெரிந்தால் அன்றே கழற்றி, ஆறும்வரை அணியாமல் இருந்து, ஓர்தோட்டிஸ்டுக்கு அறிவியுங்கள். வீட்டில் கத்தியால் செதுக்குவதும், பஞ்சை அடைப்பதும், தீயில் சூடாக்கி வளைப்பதும் கூடவே கூடாது. பஞ்சு வைத்த இடத்தில் அழுத்தம் கூடி அடுத்த புண் வரும். கறுத்த நிறத் தோலில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. கையால் தொட்டு, சூடும் தடிப்பும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிரேஸுக்கு அடியில் எண்ணெய், கிறீம், பவுடர் எதுவும் வேண்டாம். எண்ணெயும் கிறீமும் தோலை மென்மையாக்கி உரியச் செய்யும். பவுடர் வியர்வையில் குழைந்து கட்டியாகி உராயும். எண்ணெய் தேய்த்து முழுகும் நாளில், நன்றாகத் தேய்த்துக் கழுவி, எண்ணெய்ப் பசை போன பின்னரே அணிவிக்க வேண்டும். வெயில் காலத்தில் பெனியனை நாளுக்கு மூன்று முறை மாற்றுவது மிகையாகாது. அரை டசின் பெனியன் வாங்குவதைச் செலவென்று பாராமல் சிகிச்சையின் பகுதியாகக் கொள்ளுங்கள். பாடசாலைப் பையில் ஒன்று எப்போதும் இருக்கட்டும். மாரி காலத்தில் துணி உலராத நாட்களில், அரைகுறையாகக் காய்ந்த பெனியனை அணிவித்தால் படர்தாமரை வந்துவிடும். அயன் பண்ணி உலர்த்தி அணிவியுங்கள். வேர்க்குரு பரவினால் ஒரு நாள் மணித்தியாலத்தைக் குறைத்து, குளிர்ந்த நீரில் குளிக்கச் செய்து, மின்விசிறிக் காற்றில் தோலை ஆறவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். வேர்க்குருவுக்காக இரண்டு வாரம் நிறுத்த வேண்டியதில்லை.

பிரேஸையும் நாள்தோறும் துடைக்க வேண்டும். குளிக்கும் வேளையில், மென்மையான சவர்க்காரம் தோய்த்த ஈரத் துணியால் உட்புறத்தைத் துடைத்து, வெறும் நீர்த் துணியால் மீண்டும் துடைத்து, துவாயால் ஒற்றி நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் காயப் போடாதீர்கள். மூடிய வாகனத்துக்குள்ளும் அடுப்பருகிலும் விடாதீர்கள். அந்தப் பிளாஸ்ரிக் சூட்டில் இளகி வடிவம் மாறும், மாறிய வடிவம் தவறான இடத்தை அழுத்தும். வெல்க்ரோப் பட்டிகளில் சேரும் நூலையும் மணலையும் பழைய பல்துலக்கும் தூரிகையால் எடுத்துவிட்டால் பிடி தளராது.

மணித்தியாலங்களை எங்கே வைப்பது

20 மணித்தியாலம் எழுதியிருந்தால் நான்கு மணித்தியாலம் பிள்ளையுடையது. அந்த நான்கையும் எப்படிச் செலவிடுவது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். அது பிள்ளைக்குப் பிடிவாதம் பிடிக்க வேண்டிய தேவையைக் குறைக்கும். மாலை விளையாட்டு, குளிப்பு, உடற்பயிற்சி ஆகியன இதற்குள் அடங்கும். விளையாடவும் ஓடவும் நீந்தவும் தடையில்லை, அவற்றை ஊக்குவிக்கவே வேண்டும். பாசிக்குடாவுக்கோ கல்லடிக் கடற்கரைக்கோ போகும் நாளில் கழற்றி வைத்துவிட்டு, கடல் உப்பைக் கழுவிய பின் அணியலாம். கோயில் திருவிழா, கலியாண வீடு போன்ற நாட்களில் சில மணித்தியாலம் விட்டுக்கொடுத்து, மறுநாள் வழமைக்குத் திரும்புவது நல்ல ஏற்பாடு. முஸ்லிம் பிள்ளைகளுக்கு, கூட்டை அணிந்தபடி தொழுகையில் குனியும் ருகூவும் நெற்றியை நிலத்தில் வைக்கும் சுஜூதும் செய்வது கடினம். ஐந்து நேரத் தொழுகைக்கும் கழற்றும் நேரத்தைச் சுதந்திர மணித்தியாலங்களுக்குள் முன்பே ஒதுக்கிவிட்டால் உம்மாவுக்கும் பிள்ளைக்கும் இடையில் தினமும் வாதம் இராது. நோன்பு காலத்திலும் பிரேஸைத் தொடரலாம். நோன்பு திறந்ததும் ஒரேயடியாக வயிறு நிறைய உண்ணாமல், பிரித்துப் பிரித்து உண்ணப் பழக்குங்கள்.

உணவைப் பற்றிப் பொதுவாகவும் இதையே சொல்ல வேண்டும். கூடு வயிற்றை அழுத்துவதால் பெரிய தட்டுச் சோறு இறங்காது. சிறிதாக நான்கைந்து வேளை கொடுங்கள். மதிய உணவுக்குப் பின் அரை மணித்தியாலம் பட்டிகளைத் தளர்த்தலாம். மெலிந்துவிடும் என்று பயந்து கழற்றிவிடாதீர்கள், அதேவேளை உடல் எடையைக் கிளினிக் கொப்பியில் குறித்து வாருங்கள். எடை மிகக் கூடினாலும் குறைந்தாலும் பிரேஸின் பொருத்தம் கெடும். மாதவிடாய் நாட்களில் வயிற்று நோவு கடுமையாக இருந்தால் தளர்த்தலாம்.

பாடசாலையில் அதிபரிடமும் வகுப்பாசிரியரிடமும் தாய் தகப்பன் நேரில் பேசுவது மிக அவசியம். யன்னலோரமோ மின்விசிறிக்குக் கீழேயோ ஓர் இடம், எழுந்து நிற்க அனுமதி, பெனியன் மாற்ற ஓர் அறை, போதிய தண்ணீர் ஆகியவற்றைக் கேளுங்கள். சீருடையை ஓர் அளவு பெரிதாகத் தைத்தால் பிரேஸ் வெளியே தெரியாது. பாடசாலையில் அணிவதைப் பிள்ளை முற்றாக மறுத்தால், அந்த ஏழெட்டு மணித்தியாலத்துக்காகப் போரிட்டு மீதி எல்லாவற்றையும் இழப்பதைவிட, பாடசாலை முடிந்து வந்ததிலிருந்து மறுநாள் காலைவரை தவறாமல் அணிவது மேல். அப்படிச் சேரும் மணித்தியாலங்களே 13ஐத் தாண்டும். ஆனால் இந்த மாற்றத்தை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். அணிந்த நேரத்தை ஒரு கொப்பியில் பிள்ளையே எழுதட்டும், குறைந்த நாளில் கண்டிக்காதீர்கள். கண்டித்தால் அடுத்த நாள் கொப்பியில் பொய் எழுதப்படும், பொய்யான எண்ணை வைத்து வைத்தியர் தவறான முடிவெடுப்பார்.

பெண் பிள்ளைக்கு இப்படி ஒன்று இருப்பது ஊருக்குத் தெரிந்தால் பிற்காலத்தில் கலியாணம் தடைப்படும் என்று அஞ்சி, பிரேஸை வீட்டுக்குள் மட்டும் அணிவிப்பவர்களையும், தொடங்காமலே விடுபவர்களையும் கண்டிருக்கிறேன். அந்த அச்சத்தின் வலி எனக்குப் புரிகிறது. இந்த வளைவு உள்ள பெண்கள் இயல்பாகக் கருத்தரித்துப் பிள்ளை பெறுகிறார்கள் என்பதையும், இன்று மறைத்த வளைவு ஐந்தாண்டில் எந்தச் சேலையாலும் மறைக்க முடியாததாகலாம் என்பதையும் அந்தப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளை முகம் வாடி, பேச்சுக் குறைந்து, தோழிகளை விட்டு ஒதுங்கினால், முதுகுக்கு வைத்தியர் இருப்பதுபோல மனதுக்கும் வைத்தியர் இருக்கிறார் என்பதை நினைவில் வைத்து, கிளினிக்கில் சொல்லுங்கள்.

பயிற்சியும் மறுபரிசோதனையும்

கூடு தாங்கிப் பிடித்திருக்கும் உடலில் தசை சோராதிருக்க நாள்தோறும் பயிற்சி வேண்டும். ஜேர்மனியில் கத்தரீனா ஷ்ரொத் தொடங்கிவைத்த, வளைவின் வடிவத்துக்கேற்ப மூச்சையும் நிலையையும் திருத்தும் முறை உலகில் பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. அதைப் பயின்ற பிசியோதெரபிஸ்ட் அருகில் கிடைக்காவிட்டால், வயிற்றையும் முதுகையும் வலுப்படுத்தும் பயிற்சிகளையேனும் வைத்தியசாலைப் பிசியோதெரபிப் பிரிவில் கற்றுக்கொள்ளுங்கள். பயிற்சி பிரேஸுக்குத் துணை நிற்கும். 30 பாகை வளைவில் பிரேஸின் இடத்தை அது பிடிக்காது.

மறுபரிசோதனை பொதுவாக நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும். பிரேஸ் இல்லாமல் எக்ஸ்றே எடுக்கச் சொன்னால், எத்தனை மணித்தியாலத்துக்கு முன் கழற்ற வேண்டும் என்று கேளுங்கள். பல இடங்களில் ஒரு நாள் முன்பே கழற்றச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் அதே அளவு நேரம் கழற்றியிருந்தால்தான் படங்களை ஒப்பிட முடியும். அளவில் 5 பாகைவரை ஏற்ற இறக்கம் வருவது வழமை என்பதால், 28 பாகை 31 ஆகிவிட்டது என்று கலங்க வேண்டாம். வீட்டில் மாதந்தோறும் சுவரில் கோடு போட்டு உயரத்தைக் குறித்து வாருங்கள். பிள்ளை திடீரென்று உயர்ந்தால், அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் பிரேஸின் பொருத்தத்தைப் பார்க்கச் செய்யுங்கள். வேகமாக வளரும் பிள்ளைக்கு ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டில் புதிய பிரேஸ் தேவைப்படுவது இயல்பு.

சில அறிகுறிகளுக்குக் கிளினிக் நாள் பார்க்கக் கூடாது. கால் மரத்தல் அல்லது பலம் குறைதல், நடையில் தடுமாற்றம், சிறுநீர் மலம் அடக்க முடியாமை, இரவில் எழுப்பும் முதுகு நோவு, சில மாதத்துக்குள் வளைவு மிகக் கூடுதல் ஆகியவை முள்ளந்தண்டுக்குள் வேறு நோய் இருப்பதைக் காட்டக்கூடும், எம்.ஆர்.ஐ. படம் தேவைப்படலாம். பிரேஸ் அணிந்த தொடக்க நாட்களில் தொடையின் வெளிப்பக்கம் மரத்தால், இடுப்பருகே நரம்பு அழுந்துகிறது என்று கொண்டு, விளிம்பைத் திருத்தச் சொல்லுங்கள். அணிந்திருக்கும்போது விடாத வாந்தியும் வயிற்று நோவும் வந்தால் கழற்றிவிட்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

பிரேஸை விடும் காலத்தை வைத்தியரே சொல்வார். ஆறு மாதமாக உயரம் கூடாமை, பூப்படைந்து ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு கடந்திருத்தல், ரிஸர் எண் 4 அல்லது அதற்கு மேல் வருதல் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே அது முடிவாகும்; ஆண் பிள்ளைகளுக்கு எலும்பு முதிர இன்னும் நாள் எடுக்கும். சில வைத்தியர்கள் ஒரே நாளில் நிறுத்தச் சொல்வார்கள். வேறு சிலர் முதலில் பகலில் குறைத்து, சில மாதம் இரவில் மட்டும் அணிவித்து, பின் விடச் சொல்வார்கள். விட்ட பிறகும் ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் எக்ஸ்றே எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த இரண்டு படங்களும் பார்க்கப்படும்வரை பழைய பிரேஸை எவருக்கும் கொடுக்காமல் வைத்திருங்கள். பிறகும் இன்னொரு பிள்ளைக்கு அதை அணிவிக்கக் கூடாது, ஏனெனில் அது உங்கள் பிள்ளையின் வளைவுக்கு மட்டுமே வார்க்கப்பட்டது.